கண்டிச் சீமையில் இறுதி நாள்

கண்டி நகரில் எங்களுக்கு எஞ்சியிருந்தது ஒரே ஒரு பகல். மாலை இரயிலில் கொழும்புக்குத் திரும்பவேண்டும். மறுநாள் அங்கிருந்து மதுரைக்கு விமானம். அந்த ஒரு பகலை எவ்வாறு கழிப்பது என்பதில் விடுதி அறையிலேயே கருத்து வேறுபாடு தோன்றிவிட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவைக் காணாமல் திரும்பக்கூடாது என்பது என் கணவரின் உறுதி. மகாவலி ஆறு வளைந்து சூழ்ந்து ஓடும் 147 ஏக்கர் பூங்கா அது. மகளும் அவர் பக்கமே நின்றாள். அம்மா மட்டும் சன்னலோரம் அமர்ந்து எதிர்மலையைப் பார்த்தவாறு, "எனக்குத் தேயிலையப் பார்க்கணும்" என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். "வண்டிப்பெரியாரிலிருந்து தேயிலை பார்க்கவா விமானம் ஏறி வந்தோம், அம்மாச்சி?"

அவள் கேட்டதில் பிழையில்லை. எங்கள் ஊரில் கதவைத் திறந்தால் தேயிலை. கோட்டயத்திலிருந்து குமுளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பெரியாறு ஊரை ஊடறுத்து ஓடும் இடத்தில், இருபுறமும் மலைச்சரிவு முழுவதும் தேயிலைதான். அம்மா அந்தச் சரிவுகளில் 38 ஆண்டுகள் கொழுந்து எடுத்தவர். நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்து, பின்னர் மதுரையில் தமிழில் முதுகலையும் கல்வியியலும் முடித்து, இன்று மத்தியப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாகப் பணியாற்றுகிறேன். என் பணியிடம் வடக்கே, ஊரிலிருந்து இரண்டு இரவுகள் இரயிலில் செல்லவேண்டிய தொலைவில் உள்ளது. மாணவர்களே, என் மகளும் உங்களைப் போன்றவளே. வீட்டில் தமிழ், வீதியில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம். வாரத்தில் இரண்டு பாடவேளை தமிழ் விருப்பப்பாடம். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். எழுதச் சொன்னால் தலைவலி வந்துவிடும். நானே ஆசிரியை என்பதால் அந்தத் தலைவலிக்கு மருந்து கிடைத்ததில்லை.

அம்மாவுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவரைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஆனால் மூன்று எழுத்துகளை மட்டும் அவர் அடையாளம் காண்பார். அதற்குக் காரணம் ஒரு கடிதம்.

என் பாட்டியும் அவருடைய அக்காவும் கம்பம் பள்ளத்தாக்கிலே பிறந்தவர்கள். அக்காவை மணந்தவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள்சேர்க்க வந்த கங்காணியோடு புறப்பட்டுப் போனார். அவரும் உடன் சென்றார். இது 1939க்கு முன்பு. அவ்வாண்டில்தான் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாள்கள் செல்வதைத் தடை செய்தது. தங்கையான என் பாட்டி குமுளி மலையேறி வண்டிப்பெரியாருக்கு வந்தார். ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருத்தி கடல் கடந்து தேயிலைக்குப் போனாள். இன்னொருத்தி மலை கடந்து தேயிலைக்குப் போனாள். அக்காவிடமிருந்து ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ கடிதங்கள் வரும். யாரேனும் எழுதித் தந்ததாக இருக்கவேண்டும். அவருக்கும் எழுதத் தெரியாது.

கடைசிக் கடிதம் 1968 வாக்கில் வந்தது. அப்போது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை லயத்துத் திண்ணையில் அமர்ந்து அதனை உரக்கப் படித்தார் என்பதையும், மழைத் தூறல் தாளில் தெறித்தது என்பதையும் அம்மா இன்றும் சொல்வார். இந்தியாவுக்குப் போகிறவர்கள் மனுக் கொடுக்கவேண்டும் என்கிறார்கள், இங்கேயே இருப்பதா, அங்கே வருவதா என்று தெரியவில்லை, தங்கச்சி நீ என்ன சொல்கிறாய் என்று பதில் எழுது. இதுவே கடிதத்தின் செய்தி.

பாட்டி பதில் எழுதவில்லை. எழுதித் தர ஆள் இருந்தார். தபாலுக்குக் காசும் இருந்தது. என்ன எழுதுவது என்பதுதான் தெரியவில்லை. 'வா' என்று எழுதினால் எங்கே தங்கவைப்பது? லயத்தில் ஒரே அறை. அதில் ஏற்கெனவே எட்டுப்பேர். 'வராதே' என்று உடன்பிறந்தவளுக்கு எவ்வாறு எழுதுவது? இன்று நாளை என்று ஒத்திப்போட்டார். அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழையில் கூரை ஒழுகித் தகரப்பெட்டிக்குள் நீர் இறங்கியது. கடிதத்தின் பெரும்பகுதி மைக்கறையாயிற்று. முகவரியில் தோட்டத்தின் பெயர் அழிந்துவிட்டது. தெளிவாக எஞ்சியது ஒரே சொல்: கண்டி.

அந்தத் தாளை அம்மா பாதுகாத்து வைத்திருக்கிறார். ஆகவே 'கண்டி' என்னும் சொல்லின் வடிவம் அவருக்கு மனப்பாடம். நான்கு நாள்களுக்கு முன் எங்கள் இரயில் மலையேறி வந்து நின்றபோது, சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் எழுதியிருந்த பெயர்ப்பலகையை எங்களில் முதலில் கண்டுபிடித்தவர் அவரே. "இந்தா, கண்டி வந்திருச்சு!" என்று எழுந்து நின்றுவிட்டார். மகள் அப்போது 'க' எழுத்தில்தான் இருந்தாள்.

இதையெல்லாம் எண்ணிப் பார்த்த பின் பேராதனைப் பூங்காவைப் பற்றி மேற்கொண்டு யாரும் பேசவில்லை. காலையில் தலதா மாளிகை, பின்னர் ஹந்தான மலையில் தேயிலை என்று முடிவாயிற்று.

தலதா மாளிகையில் புத்தர்பெருமானின் புனிதப் பல் பேணப்படுகிறது. வெண்ணிற ஆடை அணிந்த மக்கள் கூட்டம் நீல அல்லிப்பூக்களைத் தட்டில் ஏந்தி வரிசையில் நின்றது. அங்கே அப்பூவை நீல மானெல் என்கின்றனர். அதுவே அந்நாட்டின் தேசியப் பூவும் ஆகும். மேளம் ஒலிக்க மேல்தளத்து அறையின் கதவு திறந்தபோது நாங்களும் பூ வைத்து வணங்கினோம். மகளுக்கு அங்கே மிகவும் பிடித்தது ராஜா என்னும் யானை. ஆண்டுதோறும் எசல பெரஹர ஊர்வலத்தில் புனிதப் பேழையைச் சுமந்த அவ்வானை 1988இல் இறந்தது. அதன் உடலைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். "இதற்குத் தமிழ்ப்பெயர் வைத்திருக்கிறார்களே" என்றாள். ராஜா என்பது வடசொல் என்று விளக்கத் தொடங்கினேன். விடுமுறையில் பாடம் வேண்டாம் என்று கணவர் தடுத்துவிட்டார்.

மாளிகையின் முன்னால் ஏரி. கரை நெடுக வெண்ணிறக் கைப்பிடிச் சுவர். அந்த ஏரியை அமைப்பித்தவர் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கர். அவருடைய இயற்பெயர் கண்ணுசாமி. கண்டி அரசர்கள் மதுரைப் பகுதி நாயக்கர் குடும்பங்களில் பெண்ணெடுத்து வந்தார்கள். 1739இல் மன்னர் மகனின்றி இறந்தபோது அரசியின் உடன்பிறந்தவரே அரியணை ஏறினார். அவ்வழியில் வந்த நால்வருள் இறுதியானவர் இவர். 1815இல் ஆங்கிலேயர் அவரைச் சிறைப்பிடித்து, அவ்வாண்டு மார்ச் 2ஆம் நாள் கண்டித் தலைவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு நாட்டை எடுத்துக்கொண்டனர். அரசரைக் கடல் கடத்தி வேலூர்க் கோட்டையில் வைத்தனர். 1832இல் அங்கேயே அவர் இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய நினைவிடமாக முத்து மண்டபம் இருக்கிறது.

"அவர் இந்த ஏரியைத் திரும்பப் பார்க்கவேயில்லையா?" என்று மகள் கேட்டாள்.

இல்லை என்றேன். அரசர் இங்கிருந்து தமிழகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தமிழகத்து ஏழை உழவர்கள் எதிர்த்திசையில் வரத் தொடங்கினார்கள். 1820களில் இம்மலைகளில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக நடந்தார்கள். வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டவர்கள் பலர். அரசரின் பயணத்தைப் பற்றிய குறிப்புகள் உண்டு. அவர்களுடைய பயணத்தைப் பற்றி எஞ்சியவை பெரும்பாலும் பாட்டுகளே.

மாளிகைக்கு எதிர்ப்புறத்தில் சிறிய கோயில் ஒன்றைக் கண்டு அம்மா நின்றார். அதனைப் பத்தினி தேவாலயம் என்கின்றனர். நம் ஊரில் தேவாலயம் என்றால் கிறித்தவர் வழிபடும் இடம். அங்கே தெய்வத்தின் கோயில் எதுவாயினும் தேவாலயம்தான். ஒரே சொல் கடல் கடந்தால் வேறு பொருள் கொள்வது மொழிப்பாடத்தில் நாம் அடிக்கடி காண்பது. பத்தினி என்பவள் வேறு யாருமில்லை, கண்ணகியே. சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்வமாக வழிபடுகின்றனர். எசல ஊர்வலத்தில் அவளுடைய கோயில் அணிக்கும் இடமுண்டு. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை அரசன் கயவாகுவும் உடனிருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது.

இச்செய்தியை அம்மாவிடம் சொன்னபோது அவர் பெரிதும் வியக்கவில்லை. வண்டிப்பெரியாரிலிருந்து குமுளி வழியாக மலையேறினால் மங்கலதேவி கோயில். மதுரையை விட்டு நீங்கிய கண்ணகி விண்ணேகிய இடம் அது என்பது எங்கள் பகுதி மக்களின் நம்பிக்கை. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் ஆண்டுக்கு ஒரே நாள், சித்திரை முழுநிலவன்று மட்டும், மக்களை உள்ளே விடுவார்கள். முழங்கால் வலி வரும்வரை அம்மா ஆண்டு தவறாமல் சென்றவர். "நம்ம ஊர்ல ஒரு நாள்தான் கதவு திறக்கும். இங்க தினமும் திறந்திருக்கே" என்றார். சற்றுப் பொறுத்து, "பெரியம்மா இங்க வந்து கும்பிட்டிருக்கும்" என்றும் சொன்னார். நான் மறுக்கவில்லை. தோட்டத்துக் கூலிப்பெண் அக்காலத்தில் நகருக்கு வருவது அவ்வளவு எளிதன்று என்பது அம்மாவுக்குத் தெரியாததா?

ஹந்தான மலைக்கு மூன்று சக்கர வண்டியில் சென்றோம். நாம் ஆட்டோ என்பதை அங்கே திரீவீலர் என்கின்றனர். நகரிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள்தான். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி மூச்சு வாங்கியது. மேலே, 1925இல் கட்டப்பட்ட நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக நடத்துகின்றனர். கீழே பழைய இயந்திரங்கள். மேலே ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றிய காட்சிப்பொருள்கள். அவர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கொழும்பிலிருந்து கண்டிக்கு இரயில் வந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டாண்டுகளில் காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் பற்றியது. அடுத்த இருபது ஆண்டுகளில் மலைகள் காப்பியிலிருந்து தேயிலைக்கு மாறின. எங்கள் பீர்மேட்டு மலைகளிலும் முதலில் காப்பி, பிறகே தேயிலை.

அருங்காட்சியகத்தில் எங்களுக்கு வழிகாட்டியவர் அம்மா. அவர் தொழிற்சாலைக்குள் வேலை பார்த்தவர் அல்லர். ஆனால் கொழுந்தை நிறுவைக்குக் கொண்டுசென்ற நாள்களில் எட்டிப் பார்த்தே எல்லாவற்றையும் அறிந்திருந்தார். மேல்தளங்களில் ஏன் இத்தனை சன்னல்கள் என்று மகள் கேட்டாள். பச்சைக் கொழுந்தைப் பரப்பிக் காற்றில் வாட்டுவதற்கு என்றார் அம்மா. வாடிய இலையை உருளையில் இட்டு உருட்டினால் சாறு கசியும். பரப்பி வைத்தால் பச்சை மாறிச் செம்பாகும். பிறகு அனலில் உலர்த்திச் சலித்துத் தரம் பிரிப்பார்கள். "உருட்டுற அறைப்பக்கம் போனா ஆப்பிள் வாசம் வரும்" என்றார். அந்த இயந்திரங்கள் ஓய்ந்து நெடுங்காலம் ஆயிற்று. வாசம் ஏதும் இல்லை. ஆயினும் மகள் உருளையருகே குனிந்து மோந்து பார்த்தாள்.

டெய்லரின் படத்துக்கு முன்னால் அம்மா நெடுநேரம் நின்றார். "இவரு பேரு இருக்கு. கொழுந்து எடுத்தவங்க பேரு எங்க எழுதி வச்சிருப்பாங்க?" என்று கேட்டார். செக்ரோல் புத்தகத்தில் இருந்திருக்கும் என்றேன். அந்தப் புத்தகங்கள் எங்கே என்று அவர் மேலும் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்துச் செக்ரோல்கள் எங்கே என்பதும் எனக்குத் தெரியாதுதானே.

வெளியே வந்தபோது பிற்பகல் ஆகியிருந்தது. சாலையோரச் சரிவிலிருந்து ஓர் அம்மையார் இறங்கி வந்தார். முதுகில் சாக்கு, தலையில் துண்டு, இடுப்பில் தார்ப்பாய்த் துணி. அம்மா அவரைப் பார்த்த மாத்திரத்தில், "கொழுந்து நிறைய இருக்கா?" என்று கேட்டுவிட்டார். ஊரில் எதிர்ப்படும் யாரிடமும் கேட்பதைப் போலவே கேட்டார். அவரும் தயங்காமல், "எங்கக்கா, மழையில்ல. இன்னைக்கு அரைப்பேர்தான்" என்றார்.

நான்கு நாள்களாகச் சுற்றுலாப் பயணிகளாகத் திரிந்த நாங்கள் அந்த ஒரு மறுமொழியில் உள்ளூர்க்காரர் ஆகிவிட்டோம். இந்தியாவிலிருந்து வருகிறோம், அங்கேயும் தேயிலைதான் என்று அம்மா சொன்னதும் அவர் எங்களை விடவில்லை. பத்து அடி கீழே அவருடைய லயம். தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்காததுபோல் நடந்தேன்.

லயம் என்னும் சொல்லை அங்கே கேட்டபோது மகளுக்கு வியப்பு. "நம்ம லயம் இங்கே எப்படி வந்தது?" என்று என்னிடம் மெல்லக் கேட்டாள். வரிசை என்று பொருள்படும் லைன் என்னும் ஆங்கிலச் சொல்லே தொழிலாளர் நாவில் லயம் ஆயிற்று. இரு நாட்டு மலைகளிலும் ஒரே துரைமார், ஒரே மாதிரியான வரிசை வீடுகள், ஆகவே ஒரே சொல். கங்காணி, கவ்வாத்து, கணக்கப்பிள்ளை, கொழுந்து என அவ்விருவரும் பேசிய சொற்களில் பெரும்பாலானவை பொதுவாகவே இருந்தன. வேறுபட்டவை சில. பால் கலவாத தேநீரை அம்மா கட்டன் என்றார். அவர் பிளேன்டீ என்றார். முழு நாள் வேலையை அம்மா ஹாஜர் என்பார். அங்கே அது பேர். செக்ரோலில் ஒருவரது பெயர் பதியப்பட்டால் அன்றைய கூலி உண்டு. ஆகவே நாட்கூலிக்கே பேர் என்று பெயர். குறிப்பிட்ட எடை வராத நாளில் பாதிக் கூலி, அதுவே அரைப்பேர். இச்சொல்லை எந்த அகராதியிலிருந்தும் நான் கற்றதில்லை.

பேச்சு வேலையைப் பற்றித் திரும்பியது. எங்கள் பக்கம் இப்போது கத்திரியால் வெட்டுகிறார்கள், இயந்திரமும் வந்துவிட்டது என்றார் அம்மா. "கத்திரியில வெட்டினா ரெண்டு இலையும் மொட்டும் எப்படிக்கா வரும்? முத்தலும் சேர்ந்துல்ல வரும்?" என்று அவர் கவலையோடு கேட்டார். அம்மா, "அதைத்தான் நானும் சொல்றேன், கேக்குறவங்க யாரு" என்றார். இருவரும் ஒரே முதலாளியிடம் வேலை பார்த்தவர்களைப்போல் அலுத்துக்கொண்டனர்.

அதன்பின் அம்மா கைப்பையைத் திறந்தார். நெகிழியுறைக்குள் வைத்திருந்த தாளை எடுத்து அவரிடம் நீட்டி, பெரியம்மாவின் கதையைச் சொன்னார். அவர் தாளைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு தயக்கத்தோடு சொன்னார்: "எந்தக் கண்டி அக்கா? நுவரெலியாவுல இருந்தாலும், அட்டன்ல இருந்தாலும், பதுளையில இருந்தாலும் அந்தக் காலத்துல எங்க சனம் ஊருக்குக் கண்டின்னுதான் எழுதும். மலை முச்சூடும் கண்டிச் சீமைதானே."

அம்மா பேசாமல் இருந்தார். ஐம்பத்தைந்து ஆண்டுகளாக அவர் மனத்தில் இருந்த கண்டி ஒரு நகரம். அங்கே ஒரு லயம். அதில் ஒரு பெண். இந்த நகருக்கு வந்தால் விசாரித்துவிடலாம் என்று நம்பித்தான் முழங்கால் வலியோடு அவர் புறப்பட்டிருந்தார். எனக்கும் இந்த ஐயம் முன்பே உண்டு. நான்கு நாள்களாக அதனை வாய்விட்டுச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. யாரோ ஒருவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த அம்மையாரின் குடும்பமும் பிரிந்துபோனதே. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது. மக்களை இப்படிப் பங்கிட்டனர். எஞ்சியோரை 1974இல் ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டனர். பெரியபாட்டியின் கடிதம் கேட்ட கேள்வி இதுதான். இலங்கையில் தங்கிவிட்டவர்களில் குடியுரிமையின்றி எஞ்சியிருந்தோருக்கு அது கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

"எங்க சின்னம்மா குடும்பம் 1970க்கு அப்புறம் கப்பலேறிப் போச்சு. கோத்தகிரின்னாங்க. அதுக்கப்புறம் ஒரு தகவலும் இல்ல" என்றார் அவர். கோத்தகிரி வண்டிப்பெரியாருக்குப் பக்கமா என்றும் கேட்டார். பக்கமில்லை, ஒரு நாள் பயணம் என்று கணவர் விளக்கினார். அம்மா அதற்குள், "நீ பேரைச் சொல்லு தங்கச்சி, நான் விசாரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

தேடி வந்தவர் தேடித் தருவதாக ஏற்றுக்கொண்டார். எனக்குச் சற்று அச்சமாகத்தான் இருந்தது. நிறைவேற்ற இயலாத வாக்கு அது. ஆனால் அவ்விருவரும் அதனை அவ்வாறு கொண்டதாகத் தெரியவில்லை.

அந்த நேரம் பள்ளி முடிந்து அவருடைய பேரன் வந்தான். வெள்ளைச் சீருடை, ஏழாம் தரம் படிப்பதாகச் சொன்னான். தொலைபேசி எண்ணைப் பெற்றுக்கொண்டோம். அம்மாவுக்கு அது போதவில்லை. "நம்பரு மாறும். அட்ரஸ் எழுதி வாங்கு" என்றார். சிறுவன் என் மகளின் குறிப்பேட்டை வாங்கி, பாட்டியின் பெயர், லய எண், தோட்டத்தின் பெயர், தபாலகம் என நான்கு வரிகளை மணிமணியாக எழுதினான். கோத்தகிரிக்குச் சென்ற சின்னம்மாவின் பெயரையும் கணவர் பெயரையும் கீழே எழுதினான். அவன் எழுதிய வேகத்தை என் மகள் கண்கொட்டாமல் பார்த்தாள். குறிப்பேட்டைத் திரும்ப வாங்கியபோது, முந்தைய பக்கங்களில் இருந்த தன் எழுத்தை அவன் பார்த்துவிடாதபடி சட்டென மூடிக்கொண்டாள்.

விடைபெறும்போது அந்த அம்மையார் ஒரு சுருள் தாளில் தேயிலைத்தூள் கட்டித் தந்தார். அம்மா வண்டிப்பெரியாரிலிருந்து பெரியம்மா குடும்பத்துக்கென்று எடுத்து வந்த குறுமிளகுப் பொட்டலத்தை வெளியே எடுத்தார். ஒரு கணம் அதனைக் கையில் நிறுத்துப் பார்த்தார். பிறகு பாதியைக் கொட்டிக் கொடுத்து, மீதியை முடிந்து பைக்குள் வைத்துக்கொண்டார்.

நிலையத்தை அடைந்தபோது இரயில் நின்றுகொண்டிருந்தது, ஓடித்தான் ஏறினோம். கண்டி என்னும் பலகை பின்னே நகர்ந்து மறையும்வரை அம்மா சன்னலை விட்டுத் திரும்பவில்லை. இரயில் கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கத் தொடங்கியது. கீழே பள்ளத்தாக்கு மங்கலாகத் தெரிந்தது. அப்போது அவர் மகளைத் தன்னருகே அழைத்தார்.

"பாப்பா, அந்த நோட்டை எடு. ஒரு கடுதாசி எழுதணும்."

"நானா? அம்மா எழுதுவார்களே, அம்மாச்சி."

"உங்கம்மா பெரிய படிப்புப் படிச்சவ. அவ எழுதினா அவ பேச்சா இருக்கும். நீ நான் சொல்றதை மட்டும் எழுது."

மகள் என்னைப் பார்த்தாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வண்டி ஆட்டத்தில் எழுத்துகள் வரிக்கு மேலும் கீழுமாக ஓடின. நலம், நலமறிய ஆவல் என்னும் முதல் வரிக்கே ஒரு சுரங்கப்பாதை தாண்டிவிட்டது. கோத்தகிரியில் விசாரிப்பதாக ஒரு வரி. மிளகு நல்ல காரம், சிறிது போட்டால் போதும் என்று ஒரு வரி. அதன்பிறகு அம்மா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. கடிதம் முடிந்தது என்றெண்ணி மகள் பேனாவை மூடப்போனாள்.

"இன்னும் இருக்கு. எழுது. நாங்க இப்ப லயத்துல இல்ல. சொந்தமா வீடு கட்டியிருக்கோம். மூணு அறை இருக்கு. எப்ப வேணும்னாலும் வரலாம்."

மகள் எழுதினாள், நின்றாள், அடித்தாள், பேனா முனையை உதட்டில் வைத்துக்கொண்டு பாட்டியைப் பார்த்தாள்.

"அம்மாச்சி, அறைக்குச் சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா?"

"எனக்கென்ன தெரியும்? பெருசாவே போடு" என்றார் அம்மா.